சிக்னல் எட்டாத ஊரில் கடவுச்சொற்கள்

கொடைக்கானலுக்குப் பிரயாணம் புறப்படுவோர் வண்டியில் ஏறுமுன் கைபேசியிலோ கணினியிலோ விவரங்களைப் பதிந்து இ-பாஸ் பெற்றாக வேண்டும் என்ற ஏற்பாடு, சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவின்படி 2024 மே 7 அன்று தொடங்கியது. 2025 கோடையில், சாதாரண நாட்களில் 4,000 வாகனங்களும் வார இறுதியில் 6,000 வாகனங்களுமே மலையேறலாம் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. வந்து போகும் பிரயாணிக்கு இது ஒரு நாள் காரியம். மலையிலேயே குடியிருந்து பிழைப்பவர்களுக்கோ கைபேசி வழியாக நடந்தாக வேண்டிய காரியங்களுக்கு முடிவே இல்லை. நாயுடுபுரத்தில் வீட்டின் இரண்டு அறைகளைத் தங்குவோருக்கு விடும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்: அறைப் பதிவுத் தளங்கள், மின்னஞ்சல், வங்கி, மின்கட்டணம், சமையல் வாயு, பிள்ளைகளின் பள்ளிக் கணக்கு என்று ஒவ்வொன்றும் தனித்தனியே ஒரு கடவுச்சொல்லைக் கேட்கிறது. மேல்மலையில் பூம்பாறைப் பூண்டு பயிரிட்டு வடுகபட்டிச் சந்தைக்கு அனுப்புகிற விவசாயியின் நிலைமையும் ஏறக்குறைய இதுவே.

இத்தனை கடவுச்சொற்களையும் நினைவில் வைப்பது மனித சாத்தியமன்று. ஆகவே பெரும்பாலோர் பிள்ளையின் பெயரையும் பிறந்த வருஷத்தையும் சேர்த்து ஒரே சொல்லை எல்லா இடத்திலும் உபயோகித்து வருகிறார்கள். இதைச் சோம்பல் என்று பழிப்பது நியாயமாகாது. ஆனால் அதன் அபாயத்தை எடுத்துச் சொல்லியே ஆக வேண்டும். பாதுகாப்பில் கவனமில்லாத ஏதோ ஒரு சிறு கடையின் தளத்திலிருந்து மின்னஞ்சல் முகவரிகளும் கடவுச்சொற்களும் களவு போகுமாயின், திருடர்கள் அந்த ஜோடிகளை யந்திரத்தின் உதவியால் மற்றத் தளங்களிலெல்லாம் போட்டுப் பார்ப்பார்கள். கடையில் போனது மின்னஞ்சலைத் திறக்கும், மின்னஞ்சல் திறந்தபின் மற்றவற்றின் கடவுச்சொற்களை மாற்றிக்கொள்வதற்கு அவர்களுக்குத் தடை ஏதும் இராது. இவ்வாறு களவுபோன பட்டியல்களில் நமது முகவரி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஆஸ்திரேலியரான டிராய் ஹன்ட் 2013-இல் அமைத்த ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ என்னும் இலவசத் தளம் இன்றும் உதவி வருகிறது.

பாஸ்வேர்டு மேனேஜர் எனப்படும் செயலி இந்தச் சங்கடத்துக்காகவே ஏற்பட்டது. ஒவ்வொரு கணக்குக்கும் தலையும் வாலும் இல்லாத இருபது எழுத்துச் சொல் ஒன்றை அது தானே உண்டாக்கிக் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரு பெட்டகத்தில் ரகசிய எழுத்தாக மாற்றி வைத்துக்கொள்கிறது. நாம் நினைவில் வைக்க வேண்டியது அந்தப் பெட்டகத்தைத் திறக்கும் தலைமைக் கடவுச்சொல் ஒன்றே. நல்ல செயலிகளில் இந்த மறைப்பு வேலை நமது கைபேசிக்குள்ளேயே நிகழ்கிறது. பிறருடைய கிடங்கில் நாம் பூட்டி வைத்த பெட்டியைப் போல, கம்பெனியின் கணினியில் பெட்டகம் இருக்கும், சாவி இராது. இதனினும் பெரிதாக நான் கருதும் நன்மை ஒன்று உண்டு. மின்இணைப்பைத் துண்டிக்கப் போகிறோம் என்று பயமுறுத்திப் போலித் தளத்துக்கு இழுக்கும் குறுஞ்செய்திகளால் பணத்தை இழந்தவர்கள் நம் மாநிலத்தில் அநேகர். கண்ணுக்கு அசலாகவே தோன்றும் அத்தகைய பக்கத்தில், தளத்தின் முகவரி தன்னிடமுள்ள முகவரியோடு பொருந்தாமையால், செயலி கடவுச்சொல்லைத் தானாக நிரப்பாது. வழக்கமாக நிரப்புவது ஓர் இடத்தில் நிரப்ப மறுத்ததென்றால், கையால் எழுதி நிரப்பாமல் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

இனி எந்தச் செயலியைத் தேர்வது என்ற விஷயத்துக்கு வருவோம். பூட்டு எவ்வளவு வலியது என்பதை ஒப்பிட்டே பெரும்பாலும் இவற்றை மதிப்பிடுகிறார்கள். பெயர்பெற்ற செயலிகள் அனைத்திலும் பூட்டு வலியதாகவே இருக்கிறது. கொடைக்கானல் மலையில் வசிப்பவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: கைபேசி தொலைந்து, மின்சாரம் நின்று, டவரும் வேலை செய்யாத ஒரு மழைநாளில் நான் என்னுடைய சொந்தக் கணக்குகளுக்குள் மறுபடி எப்படி நுழைவேன்? இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை இல்லாத செயலி எத்தனை வசதிகள் உடையதாயினும் நமக்கு உதவாது.

மன்னவனூர், பூண்டி, கிளாவரை என்று மேல்மலையின் உட்பகுதிக்குப் போகப் போகவும், கீழ்மலையில் காப்பித் தோட்டங்களுக்கு இடையேயும், சிக்னல் வருவதும் போவதுமாக இருப்பதை அங்கே வசிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆதலின் பெட்டகத்தின் பிரதி கைபேசிக்குள்ளேயே இருக்க வேண்டும். பிட்வார்டன் என்ற செயலியில், இணையம் இல்லாதபோதும் பெட்டகத்தைத் திறந்து படிக்கலாம். ஆனால் ‘லாக்’ செய்து வைத்திருந்தால்தான் அது சாத்தியம், ‘லாக் அவுட்’ செய்துவிட்டால் மறுபடி நுழைவதற்கு இணையம் வேண்டும். இந்தச் சிறு பேதத்தை அறியாதவர்கள் பாதுகாப்பென்று எண்ணி லாக் அவுட் செய்துவிட்டு, பிறகு மலைப்பாதையில் தவிக்க நேரிடும். குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி-யும் இவ்வாறே டவரை நம்பியது. அதற்குப் பதிலாக ஆத்தென்டிகேட்டர் செயலியை ஏற்கும் கணக்குகளில் அதையே வைத்துக்கொள்வது உத்தமம். முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணை அது முன்பே பதிந்த ரகசியத்தையும் கைபேசியின் கடிகாரத்தையும் மாத்திரம் கொண்டு கணக்கிடுவதால், அதற்கு சிக்னலே வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட அபாயகரமானது சுற்றி வந்து மாட்டிக்கொள்ளும் நிலைமை. புதிய கைபேசியில் பெட்டகத்தைத் திறக்க முயலும்போது சில செயலிகள் மின்னஞ்சலுக்கு ஒரு சரிபார்ப்பு எண்ணை அனுப்புகின்றன. அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல்லோ பெட்டகத்துக்குள் இருக்கிறது! தலைமைக் கடவுச்சொல்லை மறந்துவிட்டாலோ, சாவி தன்னிடம் இல்லாத காரணத்தால், கம்பெனியாலும் பெரும்பாலும் மீட்டுக் கொடுக்க இயலாது. ஆகவே தலைமைக் கடவுச்சொல், மின்னஞ்சலின் கடவுச்சொல், ஆத்தென்டிகேட்டரின் மீட்பு எண்கள் ஆகிய மூன்றையும் காகிதத்தில் எழுதி, ஈரம் படாத உறையிலிட்டு, நிலப்பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வைப்பதையே நான் வற்புறுத்துவேன். காகிதத்தில் எழுதலாமா என்று அஞ்சுகிறவர்கள், கணினித் திருடன் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் வருவான், வீட்டுப் பீரோவைத் திறக்க ஒருவன் வத்தலக்குண்டு மலைப்பாதையை ஏறித்தான் வர வேண்டும் என்பதை நினைத்துப் பார்க்கலாம். ஒன்பாஸ்வேர்டு என்னும் கட்டணச் செயலி இவ்வாறு அச்சிட்டு வைப்பதற்கென்றே ஒரு தாளைத் தயாரித்துக் கொடுக்கிறது.

குடும்பத் தலைவர் இறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் கூச்சமின்றி யோசிக்க வேண்டும். ஆப்பிள் போனில் வாரிசுத் தொடர்பாக ஒருவரை நியமிக்க வழி உண்டெனினும், அந்த வாரிசுக்குப் புகைப்படங்களும் குறிப்புகளும் கிடைக்குமே தவிர, ஐகிளவுட் கீசெயினில் சேமித்த கடவுச்சொற்கள் கிடைக்கா. பிட்வார்டனின் கட்டணத் திட்டத்தில், நாம் நம்பும் ஒருவர் விண்ணப்பித்து, நாம் குறித்த நாட்களுக்குள் நாம் மறுக்காவிட்டால், பெட்டகம் அவருக்குத் திறக்கும் ஏற்பாடு இருக்கிறது.

கம்பெனியிடம் பெட்டகத்தை ஒப்படைப்பதே தகுமா என்ற சந்தேகத்துக்கு லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்டு மேனேஜர் கம்பெனியின் விவகாரம் விடை தருகிறது. 2022-இல் அந்த ஸ்தாபனத்துக்குள் புகுந்த திருடர்கள் வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகளைக் கவர்ந்து சென்றதை அது அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது. கடவுச்சொற்கள் ரகசிய எழுத்தில் இருந்தன. தள முகவரிகளோ மறைக்கப்படாமலே கிடந்தன. யார் யாருக்கு எங்கெங்கே கணக்கு இருக்கிறது என்பது வெளிப்பட்டது. எளிய தலைமைக் கடவுச்சொல் வைத்தவர்களின் பெட்டகங்களைத் திருடர்கள் ஆற அமர உடைத்துப் பார்க்கலாம் என்ற நிலையும் ஏற்பட்டது. பெட்டகம் களவு போனாலும் உள்ளிருப்பதைக் காப்பது அந்த ஒரு சொல்லின் வலிமையே. 1995-இல் ஆர்னால்ட் ரெய்ன்ஹோல்ட் வகுத்த முறைப்படி, ஒரு சொல்லுக்கு ஐந்து முறை வீதம் பகடை உருட்டி, 7,776 சொற்கள் அடங்கிய பட்டியலிலிருந்து ஆறு சொற்களை எடுத்துக் கோத்தால் நினைவுக்கும் எளிது, உடைப்பதற்கும் அரிது. பகடையை விட்டுவிட்டுப் பிரியமான ஊர்ப் பெயர்களையும் தெய்வப் பெயர்களையும் நாமே பொறுக்கிக் கோத்தால் அந்த வலிமை போய்விடும்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், வீட்டில் ஒருவர் ஆண்ட்ராய்டும் ஒருவர் ஐபோனும் வைத்திருக்கும் குடும்பத்துக்கு, மூல நிரலை யாவரும் பரிசோதிக்கத் திறந்து வைத்திருக்கும் பிட்வார்டனின் இலவசத் திட்டமே போதும். தமிழகத்து ஸ்தாபனமான ஜோஹோவும் வால்ட் என்ற பெயரில் தனி நபருக்கு இலவசப் பதிப்பு தருகிறது. எந்தக் கம்பெனியையும் நம்ப மனமில்லாதவருக்கு, 2003-இல் தோன்றிய கீபாஸின் வழிவந்த கீபாஸ்டிஎக்ஸ் இருக்கிறது. பெட்டகம் ஒரே கோப்பாகக் கைபேசியில் தங்குவதால் இணையமே தேவைப்படாது, ஆனால் அந்தக் கோப்புக்குப் பிரதி எடுத்து வைக்கும் பொறுப்பு முழுவதும் நம்முடையது. அவ்வளவு சிரமமும் கூடாதென்பவர் கூகுள் அல்லது ஆப்பிள் தம் கைபேசியிலேயே வைத்திருப்பதை உபயோகிப்பது, ஒரே சொல்லை எங்கும் வைப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். அந்தக் கணக்கு முடங்கினால் எல்லாமே முடங்கும் என்பது மாத்திரம் ஞாபகத்தில் இருக்கட்டும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற முனைய வேண்டாம். முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கியின் தளம், பிறகு அறைப் பதிவுக் கணக்குகள். மற்றவற்றை அந்தந்தத் தளத்துக்குள் நுழைய நேரும்போது மாற்றிக்கொள்ளலாம். யூபிஐ பின் எண்ணைப் பெட்டகத்தில் சேர்க்காமல் மனத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது. பழைய இடத்திலிருந்து கடவுச்சொற்களைப் புதிய செயலிக்கு மாற்றும்போது இடையில் உண்டாகும் ஏற்றுமதிக் கோப்பு பெரும்பாலும் மறைப்பின்றி யாரும் படிக்கக்கூடியதாகவே இருக்கும். வேலை முடிந்தவுடன் அதை அழித்து, கைபேசியின் குப்பைத் தொட்டியிலிருந்தும் நீக்கிவிட வேண்டும்.