கேமரா சாட்சி சொல்லுமா?

ஒரு காலத்தில் தூத்துக்குடிக் கடற்கரையில் சிப்பிகளைக் குவியல் குவியலாகக் கொட்டி வைத்திருப்பார்கள். அவை அழுகிய பிறகு கழுவி, அலசி, முத்துத் தேடுவார்கள். கூடை கூடையாகச் சிப்பி. நல்ல முத்தோ சிலதான்! 1961-ம் ஆண்டோடு அங்கே முத்துக்குளிப்பு நின்றுவிட்டது.

இன்று போலீசாரும் அப்படித்தான் தேடுகிறார்கள். அவர்கள் தேடுவது முத்து அல்ல, தடயம்!

10 நாள் வேலை

ஒரு தெருவில் 10 கேமரா இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே நாளில் 240 மணி நேரப் படம் சேர்ந்துவிடும். ஒருவர் இரவு பகலாகக் கண் விழித்துப் பார்த்தாலும் 10 நாள் ஆகும்.

இங்கேதான் செயற்கை நுண்ணறிவு கைகொடுக்கிறது. லட்சக்கணக்கான படங்களைக் காட்டிக் கம்ப்யூட்டரைப் பழக்குகிறார்கள். பிறகு, "சிவப்புச் சட்டைக்காரர் வரும் இடத்தைக் காட்டு" என்றால், அது பொறுக்கி எடுத்துக் காட்டும். தமிழ்நாடு போலீசாரும் முகம் அறியும் மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள்.

ஆள் மாறாட்டம்

ஆனால் இயந்திரமும் தவறு செய்யும்!

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரில் ஒரு கடையில் கைக்கடிகாரங்கள் திருட்டுப் போயின. கேமராப் படத்தைப் பார்த்து இயந்திரம் ஒருவரைக் காட்டியது. 2020 ஜனவரியில், மனைவி மக்கள் கண் எதிரே அவரைக் கைது செய்தார்கள். அவரோ நிரபராதி! இயந்திரம் சொன்னதை மட்டும் நம்பி இனி யாரையும் கைது செய்வதில்லை என்று 2024-ல் அந்த நகரப் போலீசார் ஒப்புக்கொண்டார்கள்.

சாத்தான்குளத்தில்...

படமே இல்லாவிட்டால் என்ன ஆகும்?

2020 ஜூன் மாதம். தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் போலீசார் பிடித்துச் சென்ற ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்சும் அடுத்தடுத்து இறந்தார்கள். நாடே பதறியது. ஐகோர்ட்டு உத்தரவுப்படி கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டு அந்தப் போலீஸ் நிலையத்துக்கே போய் விசாரித்தார்.

அங்கே கேமரா இருந்தது. படங்களைச் சேமிக்க 1 டெராபைட் இடமும் இருந்தது. ஆனால் அன்றாடம் படம் தானாகவே அழியும்படி வைத்திருந்ததாக அவர் அறிக்கை கொடுத்தார். கேமரா பேசவில்லை. அங்கே வேலை பார்த்த ஒரு பெண் போலீஸ் ஏட்டுதான் துணிந்து சாட்சி சொன்னார்.

எண் முத்திரை

அதே ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி, வேறொரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு ஓர் உத்தரவு போட்டது. எல்லாப் போலீஸ் நிலையங்களிலும் கேமரா வேண்டும். படத்தை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது 1 ஆண்டு சேமிக்க வேண்டும் என்றது.

2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமும் வந்துவிட்டது. கோர்ட்டில் கொடுக்கும் மின்னணுச் சாட்சியத்துக்கு ஓர் எண் முத்திரை உண்டு. படத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும் அந்த எண் மாறிவிடும். குட்டு வெளிப்பட்டுவிடும்!

வீட்டுக்கும் இது பொருந்தும். செல்போனில் மிரட்டலோ மோசடியோ வந்தால், பயந்துபோய் அழித்துவிடாதீர்கள். பணம் பறிபோனால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

சல்லடை எவ்வளவு நல்லதாக இருந்தால் என்ன? சிப்பியைக் கடலிலேயே கொட்டிவிட்டால் முத்து ஏது?