வேப்பங்கொட்டைக் கரைசல்: வீட்டில் தயாரிப்பதா, கடையில் வாங்குவதா?

"வேப்பமரம் வரப்பிலேயே நிற்கிறது. கொட்டை சும்மா கிடக்கிறது. அப்புறம் எதற்குக் கடையில் காசு கொடுத்து வேப்ப மருந்து வாங்க வேண்டும்?" பயிற்சிக்கு வரும் விவசாயிகள் பலரும் கேட்கும் கேள்வி இது. கேள்வி நியாயமானது. ஆனால் கொட்டை சும்மா கிடைத்தாலும் உழைப்பு சும்மா கிடைப்பதில்லை. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

ஏக்கருக்கு எவ்வளவு தேவை?

5 சத வேப்பங்கொட்டைப் பருப்புக் கரைசல் 100 லிட்டர் தயாரிக்க, ஓடு நீக்கிய பருப்பு 5 கிலோ வேண்டும். கைத்தெளிப்பான் கொண்டு ஒரு ஏக்கருக்கு 200 லிட்டர் தெளிப்பதாக இருந்தால் பருப்பு 10 கிலோ, காதி சோப்பு 400 கிராம் தேவை. கொட்டையின் எடையில் ஏறக்குறைய பாதிதான் பருப்பு. ஆகவே ஒரு தடவை தெளிக்கவே காய்ந்த கொட்டை 20 கிலோ வேண்டும். மூன்று முறை தெளிக்க நினைப்பவர் 60 கிலோ கொட்டை சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

செலவுக் கணக்கு

விலையும் கூலியும் ஊருக்கு ஊர் மாறும். கீழே இருப்பவை கணக்குப் புரிவதற்காக எடுத்துக்கொண்ட தொகைகள். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

பழம் பொறுக்கி, சதை நீக்கிக் கழுவி, நிழலில் உலர்த்த ஒரு ஆள் நாள். ஓடு உடைத்துப் புடைத்தெடுக்க இன்னொரு ஆள் நாள். இடித்து, ஊற வைத்து, வடிகட்ட அரை நாள். மொத்தம் இரண்டரை ஆள் நாள். கூலி 400 ரூபாய் என்றால் 1,000 ரூபாய். சோப்புக்கு 50 ரூபாய். ஆக 1,050 ரூபாய்.

கடையில் 1,500 பிபிஎம் அசாடிராக்டின் உள்ள வேப்ப மருந்தை லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வீதம் கலந்தால் ஏக்கருக்கு 1 லிட்டர் ஆகும். அதன் விலை 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது பாருங்கள். கூலி ஆள் வைத்துத் தயாரித்தால் ஏக்கருக்கு 450 ரூபாய் நட்டம். கொட்டையையும் விலைக்கு வாங்கினால் நட்டம் இன்னும் கூடும். வீட்டு ஆட்களே வேலை இல்லாத நாட்களில் செய்தால் கையை விட்டுப் போவது சோப்புக் காசு மட்டும்தான். ஒரு தெளிப்புக்கு 550 ரூபாயும், மூன்று தெளிப்புக்கு 1,650 ரூபாயும் மிச்சம்.

அதே நாட்களில் வெளியில் கூலி வேலை கிடைக்கும் என்றால், அந்த வருமானத்தை விட்டுவிட்டுத்தான் ஓடு உடைக்கிறீர்கள். பல வீடுகளில் இந்த வேலை பெண்கள் தலையில்தான் விழுகிறது. அவர்கள் உழைப்புக்கும் ஒரு விலை உண்டு. அதைக் கணக்கில் சேர்க்காமல் "செலவே இல்லை" என்று சொல்லக் கூடாது.

தயாரிக்கும் முறை

1. பருப்பை எண்ணெய் கக்காதவாறு பக்குவமாக இடித்துத் தூளாக்கவும்.

2. 5 கிலோ தூளை 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊற வைக்கவும்.

3. காலையில் மரக்கட்டையால், பால் போல வெண்மையாகும் வரை கலக்கவும்.

4. இரண்டு மடிப்பு மெல்லிய துணியில் வடிகட்டி, தண்ணீர் சேர்த்து 100 லிட்டர் ஆக்கவும். சரியாக வடிகட்டாவிட்டால் தெளிப்பான் முனை அடைத்துக்கொள்ளும். அதிலேயே அரை நாள் போய்விடும்.

5. 200 கிராம் சோப்பைத் தனியாகக் கரைத்துச் சேர்க்கவும். சோப்பு இல்லாவிட்டால் கரைசல் இலையில் ஒட்டாமல் வழிந்துவிடும்.

6. மாலை மூன்றரை மணிக்கு மேல் இலையின் அடிப்பக்கமும் நனையும்படி தெளிக்கவும். வெயில் பட்டால் அசாடிராக்டின் சிதைந்துவிடும்.

கரைசலை அன்றே பயன்படுத்திவிட வேண்டும். மறுநாளைக்கு வைக்கக் கூடாது. மீந்ததை மீன் குட்டையில் ஊற்ற வேண்டாம்.

பணமும் உழைப்பும் வீணாகும் இடங்கள்

பழைய கொட்டை: எட்டு மாதத்துக்கு மேற்பட்ட கொட்டையில் வீரியம் குறைந்துவிடும். ஆனி, ஆடியில் பொறுக்கிய கொட்டை மாசி வரைதான் உதவும். ஆடிப்பட்டத்துக்கும் புரட்டாசிப் பட்டத்துக்கும் உங்கள் கொட்டை போதும். சித்திரைப் பட்டத்துக்கு அதே மூட்டையை எடுக்காதீர்கள். அப்போது கடையில் வாங்குவதே சரி.

பூசணம்: ஒரு முறை கத்தரித் தோட்டம் பார்க்கப் போயிருந்தேன். "மூணு தடவை அடிச்சும் ஒண்ணும் கேக்கலைங்க சார்" என்றார் தோட்டக்காரர். கொட்டையைக் காட்டச் சொன்னேன். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்தார். உள்ளே பருப்பெல்லாம் கறுத்துப் பூசணம் பிடித்திருந்தது. மூன்று தெளிப்புக்கான உழைப்பு மொத்தமும் வீண். நன்றாக உலர்ந்த கொட்டையைச் சாக்குப் பையில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பூசணம் பிடித்த கொட்டையைக் கழித்துவிடுங்கள். இடிக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

காலம் கடந்த தெளிப்பு: வேம்பு உடனே கொல்லும் மருந்து அல்ல. பூச்சியை இலையைத் தின்ன விடாமல், முட்டையிட விடாமல் தடுக்கும். இளம் புழு தோலுரித்து வளர்வதைக் கெடுக்கும். முட்டைகளும் இளம் புழுக்களும் தென்படும்போதே தெளித்து, தேவைக்கேற்ப 7 முதல் 10 நாள் இடைவெளியில் மீண்டும் தெளித்தால் பலன் உண்டு. புழு பெருத்து, செடி பாதி போன பிறகு தெளித்தால் வீட்டுக் கரைசலும் கேட்காது, கடை மருந்தும் கேட்காது.

கடையில் வாங்கும்போது

வேப்ப மருந்துகள் 300, 1,500, 10,000 பிபிஎம் எனப் பல வீரியங்களில் கிடைக்கின்றன. பாட்டில் விலையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். லேபிளில் உள்ள அளவுப்படி ஏக்கருக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டு ஒப்பிடுங்கள். பிபிஎம் அளவு, பதிவு எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி ஆகியவற்றைப் பாருங்கள். பில் கேட்டு வாங்குங்கள்.

யாருக்கு எது ஏற்றது?

அரை ஏக்கர், ஒரு ஏக்கர் காய்கறி வைத்திருப்பவர், சொந்த மரம் உள்ளவர், ஆனி ஆடியில் வீட்டு ஆட்களுக்கு ஓய்வு உள்ளவர்: தாராளமாகத் தயாரிக்கலாம். பூச்சி தென்பட்ட அன்றே ஊற வைத்து மறுநாள் மாலை தெளிக்கலாம். கடனுக்குக் கடை வாசலில் நிற்க வேண்டியதில்லை. பணமிச்சத்தைவிட இது பெரிய லாபம்.

ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் செய்பவர், கூலி ஆட்களை நம்பி இருப்பவர், கொட்டையையும் விலைக்கு வாங்குபவர்: கடை மருந்தே மலிவு. மிச்சமாகும் நேரத்தில் வயலைச் சுற்றி வந்து பூச்சியைக் கண்காணியுங்கள்.

முதல் தடவை செய்பவர்கள் 20 கிலோ கொட்டையோடு தொடங்குங்கள். எத்தனை மணி நேரம் ஆனது, யார் செய்தார்கள், என்ன செலவு என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த ஆனியில் பழம் பொறுக்கலாமா வேண்டாமா என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும். உங்கள் பயிருக்கும் பூச்சிக்கும் வேம்பு ஏற்றதுதானா என்ற சந்தேகம் இருந்தால், பாதிக்கப்பட்ட இலையோடு அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ உதவி வேளாண்மை அலுவலரையோ அணுகுங்கள்.