கொத்துத் தலைவலி: வலி வரும் நேரத்தைக் குறித்து வையுங்கள்

கிளஸ்டர் தலைவலி எனப்படும் கொத்துத் தலைவலி ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு ஏற்படும் அரிய நோயாகும். ஒரு பக்கக் கண்ணைச் சுற்றி மிகக் கடுமையான வலி உண்டாகும். அதே பக்கத்தில் கண் சிவந்து நீர் வடியும், மூக்கு அடைக்கும் அல்லது ஒழுகும். ஒற்றைத் தலைவலி உள்ளவர் இருட்டறையில் அசையாமல் படுத்திருக்க விரும்புவார். இவரோ படுக்க இயலாமல் அங்குமிங்கும் நடப்பார்.

வலி வரும் நேரமே இந்நோயின் முக்கிய அடையாளம். ஒரு தாக்குதல் 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை நீடிக்கும். இரண்டு நாளுக்கு ஒரு முறை முதல் நாளொன்றுக்கு 8 முறை வரை வரலாம். பலரை உறங்கிய ஓரிரு மணி நேரத்தில், ஒவ்வோர் இரவும் ஏறக்குறைய அதே நேரத்தில் எழுப்பிவிடும். இந்நிலை சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை தொடர்ந்து, பெரும்பாலானோருக்குத் தானாகவே நின்றுவிடும். பின்னர் பல மாதங்கள், சிலருக்குப் பல ஆண்டுகள் வலி இராது. சிலருக்கு ஒவ்வோர் ஆண்டும் அதே பருவத்தில் திரும்பும். உறக்கத்தையும் விழிப்பையும் ஒழுங்குபடுத்தும் ஹைப்போதலாமஸ் என்னும் மூளைப் பகுதி தாக்குதலின்போது தூண்டப்படுவதை 1998ஆம் ஆண்டு வெளியான மூளைப் பட ஆய்வு காட்டியது.

தானாக நிற்பதுதான் பலரையும் ஏமாற்றுகிறது. சைனஸ் மருந்து உட்கொண்ட வாரத்திலோ பல் பிடுங்கிய வாரத்திலோ வலிக்காலம் முடிந்தால், அதனால்தான் குணமாயிற்று என நம்பிவிடுகிறோம். அடுத்த ஆண்டு வலி திரும்பும்போது இன்னொரு பல்லும் போகிறது.

ஆகவே வலி தொடங்கிய நேரம், நின்ற நேரம், எந்தப் பக்கம், கண் சிவந்ததா என்பவற்றை நாள்தோறும் எழுதி வையுங்கள். வலியில் துடிப்பவரால் எழுத இயலாது. உடனிருப்பவரே எழுத வேண்டும். அந்நேரத்து முகத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைப்பதும் உதவும். முந்தைய ஆண்டுகளின் தேதி நினைவில்லையெனில், தாமிரபரணிப் பாசனப் பகுதியினர் வழக்கமாகச் சொல்வதுபோல், “பிசான நடவின்போது வந்தது, பொங்கலுக்குள் நின்றது” என்று கூறினாலும் மருத்துவருக்குப் பயன்படும்.

சாதாரண வலி மாத்திரை வேலை செய்வதற்குள் தாக்குதலே முடிந்துவிடும். மாத்திரைகளை மேன்மேலும் விழுங்குவதால் பயனில்லை. மருத்துவர் மேற்பார்வையில், முகமூடி வழியாக நிமிடத்திற்கு 12 முதல் 15 லிட்டர் வீதம் 15 நிமிடம் செலுத்தப்படும் தூய ஆக்சிஜன் பலருக்கு வலியைத் தணிக்கும். சுமாட்ரிப்டான் ஊசியும் உண்டு. இதய நோயாளிகளுக்கு அது கூடாது. வலிக்காலம் தொடங்கிய முதல் வாரத்திலேயே வந்தால், தாக்குதல்களைக் குறைக்கும் வெராபமில் மாத்திரையை இசிஜி பார்த்துத் தொடங்கலாம். அக்காலம் முடியும் வரை மது அறவே கூடாது. சிறிதளவும் தாக்குதலைத் தூண்டும்.

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள். தேவைப்பட்டால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குப் பரிந்துரைப்பார்கள். வாழ்வில் இதுவரை இல்லாத தலைவலி திடீரென வந்தாலோ, காய்ச்சல், கை கால் தளர்ச்சி, நினைவு மங்கல் ஆகியவை சேர்ந்திருந்தாலோ 108ஐ அழையுங்கள். வலியின் கொடுமையால் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் நோயாளியைத் தனியே விடாமல் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்நேரமும் பேசலாம்.