இமையில் பூசிய வண்ணம் இறங்காமல் இருக்க...

முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு என்றால், மணப்பெண்ணை அலங்காரத்துக்கு உட்கார வைப்பது விடியற்காலை மூன்று மணிக்கு. ஹோமப் புகை, தாலி ஏறும் நேரத்துக் கண்ணீர், பந்தி, சொந்தக்காரர்களோடு போட்டோ எல்லாம் முடிவதற்குள் உச்சிப்பொழுது ஆகிவிடும். எங்கள் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துச் சித்திரை, வைகாசி வெயிலைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? கரிசல் மண்ணே காந்தும்! மண்டபத்தில் மின்விசிறி சுற்றினாலும் அனல்காற்றுத்தான் வரும்.

இந்தப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பெண்களுக்கு அலங்காரம் செய்வது என் தொழில். "அக்கா, கண்ணுல போட்ட கலர் மட்டும் நிக்கவே மாட்டேங்குது. நல்ல விலையில ஒண்ணு சொல்லுங்களேன்" என்று கேட்காத பெண் இல்லை. கலர் மேல் தப்பில்லை, சகோதரிகளே. சுவருக்கு பெயிண்ட் அடிக்கும் முன் ப்ரைமர் அடிக்கிறோம் அல்லவா? இமைக்கும் அப்படி ஒன்று உண்டு. அதற்கும் பெயர் ப்ரைமர்தான்.

ஏன் வழிகிறது?

நம் உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமைத் தோல்தான். அதில் எண்ணெயும் வேர்வையும் சுரக்கும். போதாததற்கு நிமிஷத்துக்குச் சுமார் பதினைந்து தடவை கண்ணைச் சிமிட்டுகிறோம். பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், பத்தாயிரத்துக்கு மேல் வரும்! அத்தனை தடவையும் இமை ஒரே இடத்தில் மடங்குகிறது. எண்ணெயில் குழைந்த ஐ ஷேடோ அந்த மடிப்பில் போய்ச் சேர்ந்து கோடாக நிற்கிறது.

ப்ரைமரில் பெரும்பாலும் சிலிக்கோன் இருக்கும். அது இமையின் நுண்ணிய சுருக்கங்களை நிரப்பி, மெல்லிய படலமாகப் படிந்துவிடும். சிலவற்றில் எண்ணெயை உறிஞ்ச சிலிக்கா பொடியும் சேர்த்திருப்பார்கள். கலர் தோலில் ஒட்டாமல் அந்தப் படலத்தின் மேல் ஒட்டுவதால் சீக்கிரம் நகராது.

உங்கள் இமை எப்படி?

முகம் கழுவித் துடைத்து, ஒன்றும் பூசாமல் ஒரு மணி நேரம் இருங்கள். பிறகு மெல்லிய டிஷ்யூ தாளை இமை மேல் லேசாக ஒற்றி எடுங்கள்.

தாளில் எண்ணெய்த் திட்டு தெரிந்தால், பளபளப்பில்லாத 'மேட்' வகை, சிலிக்கா சேர்ந்தது வாங்குங்கள். தாள் அப்படியே இருந்து இமை வறண்டு இழுத்தால், க்ரீம் போல இளகலாக இருப்பது நல்லது. வறண்ட இமையில் மேட் வகை போட்டால் வெடித்த கண்மாய் மாதிரி ஆகிவிடும். தோலின் நிறத்தை ஒட்டியதாக வாங்கினால் இமையின் கருமையும் மறையும்.

வாங்கும்போது கவனியுங்கள்

• முகத்துக்கு என்று விற்பது வேறு, கண்ணுக்கு என்று விற்பது வேறு. அட்டையில் கண்ணுக்கானது என்று போட்டிருக்க வேண்டும். வாசனை சேர்க்காததே நல்லது.

• தயாரித்தவர் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது எல்லாம் இருக்கிறதா பாருங்கள். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவர் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். திருவிழாக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று அட்டையில் ஒன்றும் இல்லாததை வாங்காதீர்கள்.

• திறந்த டப்பா படம் போட்டு '12எம்' என்று இருந்தால், திறந்த பிறகு பன்னிரண்டு மாதம்தான் ஆயுள் என்று அர்த்தம்.

• முதலில் முழங்கை மடிப்பில் துளி பூசி ஒரு நாள் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் வேண்டாம். இந்தச் சோதனையைக் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிட வேண்டும்.

போடும் விதம்

ஒரு இமைக்கு அரை உளுந்து அளவு போதும். மோதிர விரலால் ஒற்றி ஒற்றிப் பரப்புங்கள். தேய்க்க வேண்டாம். ஒரு நிமிஷம் உலர விட்டு, பிறகு ஐ ஷேடோவை பிரஷ்ஷால் அழுத்தி அழுத்தி வையுங்கள். அதிகம் போட்டால் அதிக நேரம் நிற்கும் என்பது தப்புக் கணக்கு. கனத்தால் அதுவே மடிப்பில் திரளும்.

ப்ரைமர் வாங்க வசதி இல்லையா? கன்சீலரை மெல்லிசாகத் தடவி, மேலே துளி காம்பாக்ட் பவுடர் ஒற்றினால் ஓரளவு தாங்கும். தேங்காய் எண்ணெய், வாசலைன் மட்டும் அடியில் பூசாதீர்கள், கலர் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

ராத்திரி எவ்வளவு அசதியாக இருந்தாலும் கலைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். பஞ்சில் கண்ணுக்கான ரிமூவரைத் தொட்டு, இமை மேல் சற்று வைத்திருந்து துடைத்தால் வந்துவிடும். இமை ஓரத்தில் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள் இருக்கின்றன. அவை அடைத்துக்கொண்டால் கண் உறுத்தும், கட்டி வரும். ப்ரைமரையும் கலரையும் இமைக்கு வெளிப்புறத்தோடு நிறுத்துங்கள்.

கல்யாண வீட்டில் மதினியும் கொழுந்தியாளும் ஒரே மையையும் பிரஷ்ஷையும் மாற்றி மாற்றி உபயோகிப்பதைப் பார்க்கிறேன். ஒருவர் கண்நோய் அத்தனை பேருக்கும் போக இது போதும். சேலை, நகையை இரவல் கொடுங்கள், கண் சாமான் வேண்டாம்.

குழந்தை கண்ணுக்கு வேண்டாம்

அம்மா போட்டுக்கொண்ட கையோடு மடியில் இருக்கும் பிள்ளைக்கும் ஒரு இழுப்பு இழுக்கிற வழக்கம் உண்டே, அதை விட்டுவிடுங்கள். சுர்மா என்றும் அஞ்சனம் என்றும் விற்கும் சிலவற்றில் ஈயம் கலந்த கல்பொடி இருக்கிறது. 2013-ல் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த கண் மையால் குழந்தைகள் உடம்பில் ஈயம் ஏறியதைக் கண்டுபிடித்தார்கள். குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் ஈயத்தில் 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்ற அளவே கிடையாது. நம் நாட்டிலும் அழகு சாதனங்களுக்கு நிறமூட்ட ஈயக் கலவைகளைச் சேர்க்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. உரிம எண்ணைப் பார்க்கச் சொன்னது இதற்காகவும்தான்.

"நாங்க கரிசலாங்கண்ணிச் சாறுல துணி நனைச்சு, விளக்கெண்ணெய் விளக்குல கரி பிடிச்ச மைதானே?" என்பார்கள் பெரியம்மாக்கள். அதில் ஈயம் சேர்ப்பதில்லை, வாஸ்தவம். ஆனால் கரித்தூளும் விரல் அழுக்கும் பிஞ்சுக் கண்ணுக்கு ஆகாது. திருஷ்டிப் பொட்டைக் கன்னத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

யாருக்கானாலும் கண் சிவந்து, பீளை தள்ளி, வெளிச்சம் பார்க்கக் கூசினால் அலங்காரத்தை நிறுத்திவிட்டு உடனே கண் டாக்டரிடம் காட்டுங்கள். தாய்ப்பால் விடுவது, பன்னீர் விடுவது எல்லாம் வேண்டாம். மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை நமக்கு பஸ் தூரத்தில்தான் இருக்கிறது.