கறுப்போடு கறுப்பு

கம்மாபுரத்தில் முன்பு கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் வீட்டுப் பரணில், பழுப்பேறிய கம்ப்யூட்டர் ஒன்று பதினைந்து வருடமாகக் கிடந்தது. 1996-இல் வாங்கிய பென்டியம். ஒருநாள் அதை இறக்கித் தூசு தட்டி, பிளக்கைச் சொருகி, ஸ்விட்சை அழுத்தியிருக்கிறார். பின்பக்கம் ‘டப்’ என்று ஒரு சத்தம், மீன் கவிச்சி போல ஒரு புகை, வீட்டு ட்ரிப்பர் விழுந்துவிட்டது. “போச்சு தம்பி, உள்ள இருந்ததெல்லாம் போச்சு” என்றார் போனில்.

போகவில்லை. செத்தது பெட்டிக்குள் ஒரு மூலையில் இருக்கும் தகரப் பெட்டி மட்டும்தான். பவர் சப்ளை என்பார்கள்; கடைத்தெருவில் அதன் பெயர் எஸ்.எம்.பி.எஸ். பழைய கம்ப்யூட்டரில் எதை மாற்றினாலும் அதன் அடையாளம் கொஞ்சம் குறையும். இதை மாற்றினால் குறையாது. தேய்ந்து தீர்வதற்கென்றே செய்யப்பட்ட உறுப்பு இது, சைக்கிள் டயர் மாதிரி. ஆனால் டயருக்கு அளவு பார்ப்பதைவிட நூறு மடங்கு கவனமாக இதற்கு அளவு பார்க்க வேண்டும்.

ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளக் கூடாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டில்தான் தமிழ் 99 விசைப்பலகையும், டாம், டாப் என்ற எழுத்துருக் குறியீட்டு முறைகளும் பரிந்துரைக்கப்பட்டன. அதற்கு முன் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. பத்திரிகை அடித்த மென்பொருளுக்கோ பிரிண்டர் போர்ட்டில் சொருகும் பூட்டு ஒன்று இருந்தது. பூட்டு, மென்பொருள், எழுத்துரு, விண்டோஸ் 95 நான்கும் ஒன்றாக இருந்தால்தான் அந்தக் கோப்புகள் தமிழாகத் தெரியும். பிரித்தால் திரையில் வெறும் கிறுக்கல். அந்த மெஷினே உயிரோடு எழ வேண்டும்.

இந்தத் தகரப் பெட்டி என்ன செய்கிறது? பக்கத்து நெய்வேலியில் 1962-இல் முதல் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பழுப்பு நிலக்கரி எரிகிறது, நீராவி டர்பைனைச் சுழற்றுகிறது, வினாடிக்கு 50 சுற்றாகத் திசை மாறி மாறி ஓடும் மின்சாரம் பிறக்கிறது. பல லட்சம் வோல்ட்டாக ஏற்றி அனுப்பப்பட்டு, படிப்படியாக இறங்கி, வீட்டுச் சுவரில் 230 வோல்ட்டாக வந்து நிற்கிறது. மதர்போர்டுக்கு வேண்டியதோ திசை மாறாத 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும். அந்தக் கடைசி இறக்கம் இந்தப் பெட்டிக்குள் நடக்கிறது.

பழைய வால்வு ரேடியோவைத் தூக்கியவர்களுக்கு அதன் டிரான்ஸ்பார்மரின் கனம் கையில் இருக்கும். அண்டாவில் தண்ணீர் சுமப்பதுபோல் அது. வினாடிக்கு 50 நடை மட்டுமே போக முடிந்தால் ஒவ்வொரு நடைக்கும் அண்டா நிறைய எடுத்தாக வேண்டும். நடையை ஐம்பதாயிரம் ஆக்கினால்? தம்ளர் போதும். எஸ்.எம்.பி.எஸ். செய்வது இதைத்தான். உள்ளே வரும் 230 வோல்ட்டை டயோடுகள் திசை மாறாத மின்சாரமாக்குகின்றன; அது ஏறத்தாழ 325 வோல்ட்டாக இரண்டு பெரிய கெப்பாசிட்டர்களில் நிறைகிறது. அதை இரண்டு டிரான்சிஸ்டர்கள் வினாடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி வெட்டி, உள்ளங்கைக்குள் அடங்கும் ஃபெரைட் டிரான்ஸ்பார்மருக்கு அனுப்புகின்றன. அந்தப் பக்கம் 5, 12 என்று இறங்கி வருகிறது. வெளியே வரும் வோல்ட் குறைந்தால் டிரான்சிஸ்டர்கள் மின்சாரத்தை விடும் நேரத்தைக் கூட்டவும், ஏறினால் குறைக்கவும் ஒரு சிப் காவல் இருக்கிறது. அந்தக் காலத்துப் பெட்டிகளில் பெரும்பாலும் அது டி.எல். 494. 1977-இல் வந்த ஆப்பிள் II கம்ப்யூட்டருக்குப் பொறியாளர் ராட் ஹோல்ட் இந்த முறையில் பவர் சப்ளை அமைத்ததால்தான் அதை மின்விசிறி இல்லாமல் மேசைமேல் வைக்க முடிந்தது.

இதில் முதலில் சாவது கெப்பாசிட்டர். அலுமினியத் தகட்டின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம், இடையில் ஈரமான ரசாயனம். சூட்டில் அந்த ஈரம் வற்றுகிறது. பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது தொழில்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஓடாமலே கிடந்தால் தப்பித்துவிடும் என்று நினைக்க வேண்டாம். மின்சாரமே படாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் ஆக்சைடு படலம் பலவீனமாகிவிடும். ஓட்டு வீட்டுப் பரணில், கடலூர் மாவட்டத்துச் சித்திரை வெயிலில், பதினைந்து வருடம். திடீரென்று 325 வோல்ட்டைத் தலையில் இறக்கினால் அது வெடித்ததில் வியப்பில்லை.

அண்ணன் வீட்டுக்குப் போனதும் முதலில் பெட்டியின் பின்புறச் சிவப்பு நகர்த்தியைப் பார்த்தேன். பழைய எஸ்.எம்.பி.எஸ்.களில் 115, 230 என்று இரண்டு நிலை இருக்கும். பிள்ளைகள் விளையாட்டாகத் தள்ளி 115-இல் விட்டிருந்தால், நம் ஊர் மின்சாரம் உள்ளே 650 வோல்ட்டாகிக் கெப்பாசிட்டர்களைப் பிளந்துவிடும். இங்கே 230-இல்தான் இருந்தது. ஆக, முதுமைதான் காரணம்.

பெட்டியைத் திறந்து கெப்பாசிட்டர் மாற்றிக் கொடு என்றார் அண்ணன். மறுத்துவிட்டேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பெரிய கெப்பாசிட்டர்கள் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். 325 வோல்ட் ஆளைக் கொல்லும். பழக்கம் உள்ளவர்கள் செய்யட்டும். மற்றவர்கள் பெட்டியை முழுதாக மாற்றுவதே சரி.

மாற்றுவதில்தான் சூட்சுமம். 1984-இல் ஐ.பி.எம். கொண்டுவந்த ஏ.டி. கம்ப்யூட்டரின் பெயரே அந்தத் தலைமுறைப் பவர் சப்ளைக்கும் நின்றுவிட்டது. ஏ.டி. வகையில் மதர்போர்டுக்குப் போவது இரண்டு தனித்தனிப் பிளக்குகள்: பி8, பி9. ஒவ்வொன்றிலும் ஆறு வயர். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே வரிசையில் உட்காரும். இடம் மாற்றிச் சொருகினாலும் உள்ளே போய்விடும். கரண்ட் கொடுத்தால் மதர்போர்டு கருகும். அதற்கு ரிப்பேர்க்காரர்கள் வைத்திருந்த வாய்ப்பாடு ஒன்றுதான்: கறுப்போடு கறுப்பு. இரண்டு பிளக்கின் கறுப்பு வயர்களும் நடுவில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். எத்தனையோ மதர்போர்டுகளைக் காப்பாற்றிய இரண்டு வார்த்தை அது.

இப்போது கடையில் புதிதாகக் கிடைப்பது ஏ.டி.எக்ஸ். வகை. இன்டெல் 1995-இல் வகுத்தது. ஒரே பிளக், தலைகீழாகப் போகாது. பழைய மதர்போர்டுக்கு அதை இணைக்க, ஒரு முனையில் ஏ.டி.எக்ஸ். வாயும் மறுமுனையில் பி8, பி9-உம் உள்ள கன்வெர்ட்டர் வயர் கிடைக்கிறது. கையாலேயே ஒட்டிக்கொள்ளலாமே என்று கிளம்புகிறவர்கள் ஒரு பொறியை அறிய வேண்டும். சிவப்பு 5 வோல்ட், மஞ்சள் 12 வோல்ட், கறுப்பு கிரவுண்ட். இவை இரண்டு வகைக்கும் பொது. ஆரஞ்சு மட்டும் வேறு. ஏ.டி.யில் ஆரஞ்சு என்பது ‘எல்லா வோல்ட்டும் நிலைக்கு வந்துவிட்டது, இனி ஓடலாம்’ என்று மதர்போர்டுக்குச் சொல்லும் சிக்னல். ஏ.டி.எக்ஸ்.-இல் ஆரஞ்சு 3.3 வோல்ட்; அந்தச் சிக்னல் சாம்பல் நிறத்துக்குப் போய்விட்டது. நிறத்தை மட்டும் நம்பி ஒட்டக் கூடாது.

வெள்ளை வயர் ஒன்றும் உண்டு: மைனஸ் 5 வோல்ட். 1981-இல் வந்த முதல் ஐ.பி.எம். பி.சி.யின் மெமரி சிப்புகளுக்கு அது தேவைப்பட்டது. சிப்புகள் மாறிய பிறகும், கார்டுகளைச் சொருகும் ஐ.எஸ்.ஏ. ஸ்லாட்டில் அதற்கு ஓர் இடம் நிரந்தரமாகிவிட்டது. பழைய சவுண்டு கார்டுகள் சில அதைக் கேட்கும். புதிய எஸ்.எம்.பி.எஸ்.களில் அந்த வயர் கிடையாது. தேவைப்பட்டால் மைனஸ் 12-இலிருந்து 7905 என்ற சிறு ரெகுலேட்டர் மூலம் எடுத்துக்கொள்ளலாம். அண்ணனின் மெஷினில் அப்படிக் கேட்கும் கார்டு எதுவும் இல்லை என்று பார்த்த பிறகே நிம்மதியானேன்.

வாங்கும்போது பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். பக்கவாட்டு லேபிளில் 5 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். இன்றைய கம்ப்யூட்டர்கள் 12 வோல்ட்டை நம்பி வாழ்பவை. பழையவை 5 வோல்ட்டை. எங்கள் பென்டியம் மொத்தமே ஐம்பது அறுபது வாட்டுக்குள் அடங்கிவிடும் என்பதால் கவலையில்லை. பென்டியம் III, அத்லான் காலத்து மெஷின் என்றால் இது பெரிய விஷயம். 5-இல் பளு ஏறி 12-இல் பளு இல்லாமல் போனால், மலிவான பெட்டிகளில் 12 வோல்ட் தன் எல்லையைத் தாண்டி ஏறும்.

முன்பக்க ஸ்விட்சுக்கு வருவோம். ஏ.டி. கம்ப்யூட்டரில் அந்தச் சின்ன ஸ்விட்ச் வரை 230 வோல்ட் நேராக வந்து போகும். விரல் நுனிக்கு அந்தப்புறம் வீட்டுக் கரண்ட்! பழைய கனத்த கேபிளைக் கழற்றிவிட்டு, அதே ஸ்விட்சில் ஏ.டி.எக்ஸ்.-இன் பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் ஒட்டினேன். பச்சை கறுப்பைத் தொட்டால் பெட்டி ஓடும், விட்டால் நிற்கும். இனி அங்கே இருப்பது வெறும் 5 வோல்ட். ஆனால் இதிலும் ஒரு எச்சரிக்கை: ஏ.டி.எக்ஸ்.-இல் ஸ்விட்சை அணைத்தாலும் ஊதா வயரில் 5 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். உள்ளே கைவைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கியே ஆக வேண்டும்.

மதர்போர்டில் சொருகும் முன் வெளியே வைத்துச் சோதித்தோம். பளு இல்லாமல் ஓட்டினால் அளவு சரியாகத் தெரியாது என்பதால், மெக்கானிக் கடையிலிருந்து 12 வோல்ட் ஸ்டாப் லைட் பல்புகள் இரண்டு வாங்கி, ஒன்றை 12 வோல்ட்டிலும் மற்றதை 5 வோல்ட்டிலும் கட்டினோம். ஒன்று பளிச்சென்றும் மற்றது மங்கலாகவும் எரிந்தது. மல்டிமீட்டரில் 5.08, 12.1. ஐந்து சதவீதம் முன்பின் போகலாம், 4.75-க்குக் கீழோ 5.25-க்கு மேலோ போனால் அந்தப் பெட்டி வேண்டாம்.

“அந்தக் காலத்துல கேபினெட்டைத் தொட்டா சுருக்குனு அடிக்கும் தம்பி, அது ஏன்?” என்று கேட்டார் அண்ணன். எர்த் இல்லாததால். உள்ளே வரும் இரண்டு வயரிலிருந்தும் கேபினெட்டுக்கு மின் இரைச்சலை வடிக்கும் சின்னக் கெப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் துண்டாகியிருந்தால் அவை 230-ஐப் பாதியாகப் பங்கிட்டுக் கேபினெட்டில் கொண்டுவந்து நிறுத்தும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு போகும். ஆனாலும் அது எர்த் இல்லை என்று பெட்டி சொல்லும் செய்தி. கொல்லையில் உப்பும் கரியும் போட்டுப் புதைத்த எர்த் குழிக்கு வருடக்கணக்காக யாரும் தண்ணீர் ஊற்றவில்லை; அங்கே போன வயரும் அற்றுக் கிடந்தது. வயரைச் சேர்த்து இரண்டு குடம் ஊற்றிய பிறகுதான் மதர்போர்டுப் பக்கம் போனோம்.

கறுப்போடு கறுப்பு. அவரே சொருகினார், நான் இரண்டு தடவை பார்த்தேன். ஸ்விட்ச். மின்விசிறி சுழன்றது, திரையில் மெமரி எண்ணிக்கை ஓடியது, ஃப்ளாப்பி டிரைவ் ஒருமுறை கரகரத்தது. மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருந்ததால் தேதி கேட்டது, கொடுத்தோம். விண்டோஸ் 95 வந்தது. ஒரு கோப்பைத் திறந்தார். தங்கையின் கல்யாணப் பத்திரிகை, அவர் கோத்த எழுத்தில், குத்துவிளக்குப் படத்தோடு.

அதைக் காகிதத்தில் எடுத்து முடித்து ‘ஷட் டவுன்’ கொடுத்தார். கறுப்புத் திரையில் ஆரஞ்சு எழுத்தில், இனி அணைத்துக்கொள்ளலாம் என்ற அறிவிப்பு வந்து நின்றது. ஏ.டி. கம்ப்யூட்டருக்குத் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளத் தெரியாது. அதற்காகவே வந்த வாசகம் அது. அண்ணன் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கையை நீட்டி ஸ்விட்சை அழுத்தினார்.