காமா கதிர்கள்: தன்மை, பயன், கேடு

தன்மை

1900ஆம் ஆண்டில் பாரிசில் ரேடியத்தை ஆராய்ந்துகொண்டிருந்த பால் வில்லார், காந்தப்புலத்தால் வளையாததும் மிக ஆழமாக ஊடுருவுவதுமான ஒரு கதிர்வீச்சைக் கண்டறிந்தார். ரூதர்ஃபோர்டு 1903இல் அதற்குக் காமா எனப் பெயரிட்டார். கிளர்வுற்ற அணுக்கரு தன் மிகை ஆற்றலை வெளியேற்றும்போது பிறக்கும் இக்கதிர்கள் ஒளியைப் போன்ற மின்காந்த அலைகளே எனினும், அணுக்களிலிருந்து மின்னணுக்களைப் பெயர்த்தெடுக்கும், அதாவது அயனியாக்கும், வலிமை கொண்டவை. ஆல்ஃபா கதிரைத் தடுக்க ஒரு தாள் போதும். கோபால்ட்-60 உமிழும் காமாவைப் பாதியாகக் குறைப்பதற்கே ஏறத்தாழ 1.2 செ.மீ. காரீயம் வேண்டும்.

மருத்துவத்தில்

புற்றுநோய்ச் செல்கள் கதிரால் நேரும் சேதத்தைச் சரிசெய்துகொள்வதில் பொதுவாக நலமான செல்களைவிடப் பின்தங்கியவை என்பதே கதிர் சிகிச்சையின் அடிப்படை. மூளைக் கட்டிகளுக்குப் பயன்படும் 'காமா கத்தி' பெயரளவில்தான் கத்தி; 1968இல் ஸ்வீடனில் லார்ஸ் லெக்செல் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த இம்முறையில், ஏறத்தாழ 200 மெல்லிய கற்றைகள் மண்டையோட்டைத் திறக்காமலே ஒரு புள்ளியில் குவிக்கப்படுகின்றன.

குடும்பத்தார் பலரிடம் வீணான அச்சம் ஒன்று உண்டு. கதிர் சிகிச்சைக்கான கோபால்ட்-60 கருவியின் கீழ்ப் படுத்து எழுந்த நோயாளியின் உடலில் கதிரியக்கம் தங்குவதில்லை. அவர் குழந்தையைத் தயங்காமல் தூக்கலாம். தைராய்டு நோய்க்குக் கதிரியக்க அயோடினை உட்கொண்டவரோ, மருத்துவர் சொல்லும் நாள்கள்வரை குழந்தைகளிடமிருந்தும் கருவுற்றோரிடமிருந்தும் விலகியிருக்க வேண்டும்.

முளைவிடாதிருக்க வெங்காயத்துக்கும், கிருமி நீக்க ஊசிக்குழல் போன்ற கருவிகளுக்கும் காமா செலுத்தப்படுவதுண்டு. அவையும் கதிரியக்கப் பொருள்களாக மாறுவதில்லை.

கேடு

ஒரு கிலோகிராம் திசு ஏற்கும் ஆற்றலைக் 'கிரே' என்னும் அலகால் அளப்பர். குறுகிய நேரத்தில் உடல் முழுவதும் 1 கிரே அளவுக்கு மேல் ஏற்றால், சில மணி நேரத்தில் குமட்டலும் வாந்தியும் தோன்றி, சிறிது தணிந்தபின், எலும்பு மஜ்ஜை குன்றுவதால் இரத்த அணுக்கள் சரியத் தொடங்கும். நலம் திரும்பியதுபோல் தோன்றும் அந்த இடைவெளியே ஏமாற்றுவது. குறைந்த அளவோ, பல ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது.

2010இல் தில்லிப் பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய காமா கருவி, மாயாபுரி இரும்புக் கடைகளில் பிரிக்கப்பட்டபோது கோபால்ட்-60 வெளிப்பட்டது. அதன் சிறு துண்டைப் பணப்பையில் வைத்திருந்த ஒருவருக்கு அப்பை உரசிய இடமே புண்ணானது. மற்றொரு தொழிலாளி உயிரிழந்தார்.

காப்பு

கதிர்மூலத்தின் அருகே செலவிடும் நேரத்தைக் குறைத்தல், விலகி நிற்றல், இடையே தடுப்பு அமைத்தல் ஆகிய மூன்றே வழிகள். தொலைவை இரட்டித்தால் ஏற்பு நான்கில் ஒன்றாகும். கதிரியக்கத்தை எச்சரிக்கும் மூவிதழ்க் குறி பொறித்த கனத்த உலோகக் கலத்தைக் கண்டவர் அதைத் திறக்காமல் விலகிக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இனந்தெரியாத உலோகத்தைக் கையாண்டபின் வாந்தியோ தோல் கொப்புளமோ கண்டால், அச்செய்தியை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; 1987இல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட சீசியம்-137 பலரைத் தாக்கியபோது, அறிகுறிகள் தொடக்கத்தில் வேறு நோய்களாகக் கருதப்பட்டதால் நாள்கள் கடந்தன.