அடி வாங்கிய மூளையும் தையல் வகுப்பும்

மதுரையை அடுத்த நாகமலை புதுக்கோட்டையில் ஒரு தையல் வகுப்பு தொடங்கினால், சேர வருகிறவர்களில் சிலராவது வீட்டில் அடி வாங்கியவர்களாக இருப்பார்கள். 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள திருமணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள் என்கிறது.

அப்படி வரும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். பாபினில் நூல் சுற்றிக் கீழே பொருத்திவிடுவார். மேல்நூலை எந்தக் கொக்கி வழியாக இழுத்து ஊசியில் கோப்பது என்பது மட்டும் நேற்றுப் படித்தும் இன்று நினைவில் இருக்காது. வாசலில் பைக் வந்து நின்றால் பெடலிலிருந்து கால் விலகிவிடும். கவனமில்லை என்று ஆசிரியை நினைப்பார். அந்தப் பெண்ணின் கவனமோ முழுக்க வாசலில் இருக்கிறது.

இதற்கு உடலில் காரணம் உண்டு. ஆபத்தை உணரும் அமிக்டலா என்ற மூளைப்பகுதி, தொடர்ந்து அச்சத்தில் வாழ்ந்தவர்களிடம் சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்ளும். கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனின் சுரப்பு நெடுநாள் நிலைகுலைந்தால், புதியதைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸும், நாலைந்து படிகளை ஒரே நேரத்தில் மனதில் நிறுத்தும் மூளையின் முன்நெற்றிப் பகுதியும் தளர்ந்துபோகும். இதோடு தலையில் பட்ட அடியும் சேரும். அமெரிக்காவில் ஈவ் வலேரா 2003இல் வெளியிட்ட ஆய்வில், துணைவரிடம் அடிபட்ட 99 பெண்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு ஒருமுறையாவது மூளைக்காயம் ஏற்பட்டிருந்தது. கழுத்தை நெரிப்பதும் அப்படிப்பட்ட காயத்தை உண்டாக்கலாம். வெளியே தழும்பு தெரியாததால் இதை யாரும் கேட்பதில்லை.

வியப்பு இனிமேல்தான். கைப்பழக்கம் பதிவது ஸ்ட்ரையாட்டம் என்ற வேறொரு பகுதியில். மன அழுத்தத்தில் மூளை ஹிப்போகாம்பஸை விட்டு இந்தப் பழக்க வழியின் பக்கம் சாய்கிறது என்று சோதனைகள் காட்டுகின்றன. வாயால் விளக்கியது தங்காத ஒருவருக்கு, கையால் திரும்பத் திரும்பச் செய்தது தங்கக்கூடும். ஆகவே ஒரே நேரம், ஒரே இருக்கை, வாசலைப் பார்த்த மாதிரி இடம், ஒரு நாளைக்கு ஒரே ஒரு படி. இப்படி நடத்தும் வகுப்பில் 'மந்தம்' என்று ஒதுக்கப்பட்டவரும் ஜாக்கெட் தைப்பார் என்றே நம்புகிறேன்.

ஆனால் சம்பளம் வந்தால் அடி நின்றுவிடுமா? பெங்களூரின் குடிசைப் பகுதிகளில் சுனீதா கிருஷ்ணனும் குழுவினரும் இளம் மனைவியரைத் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியிட்ட முடிவு கசப்பானது. வேலையில்லாமலே இருந்தவர்களைவிட, புதிதாக வேலைக்குப் போனவர்கள் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு 80 விழுக்காடு கூடுதல். வேலை கிடைக்காமல் திண்டாடிய கணவரின் மனைவியருக்கும் ஆபத்து கூடியது. கைக்கு வரும் முதல் சம்பளம் வீட்டில் அதிகாரத்தை அசைக்கிறது. அசைந்த அதிகாரம் திருப்பி அடிக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் லிம்போபோவில் வேறு வழி பார்த்தார்கள். சிறுகடன் கொடுத்து, கடன் கூட்டத்திலேயே குடும்ப வன்முறை பற்றியும் பேசவைத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் துணைவரின் வன்முறை 55 விழுக்காடு குறைந்ததாக 2006இல் லான்செட் இதழில் எழுதினார்கள். பணத்தோடு பக்கத்தில் நிற்க ஆட்களும் இருந்தார்கள். மதுரை வட்டாரத்துக்கு இது அந்நியமல்ல. 1990இல் களஞ்சியம் மகளிர் குழுக்கள் தொடங்கியது இங்கேதான். குழுக் கூட்டத்தில் வரவு செலவு பேசுகிற வாய் வீட்டில் விழும் அடியைப் பற்றியும் பேச வேண்டும்.

சட்டமும் துணை வரும். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், செலவுக்குப் பணம் தராமல் வதைப்பதையும் வன்முறை என்கிறது. 18ஆம் பிரிவின்படி, பாதிக்கப்பட்ட பெண் வேலை செய்யும் இடத்துக்குள் வன்முறை செய்தவர் நுழையக் கூடாது என்று நீதிமன்றம் தடை போடலாம். முதலாளிகள் பலருக்கு இது தெரியாது. தகராறு வருமென்று பெண்ணைத்தான் நிறுத்திவிடுகிறார்கள். பஸ் காசு கொடுக்காமல் முடக்கும் வழியும் ஓரளவு அடைபட்டிருக்கிறது: 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை.

பயிற்சிக்கூடம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரவிலும் இயங்கும் பெண்கள் உதவி எண் 181. அதை வகுப்புச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.